டெல்டாவுல எடுத்த ரா ஃபுட்டேஜை அழிச்சிடாதீங்க

கடந்த பத்து பதினஞ்சு வருஷத்துல காவிரி டெல்டாவுல கேமரா போகாத ஊரு ரொம்பக் கம்மி. மீத்தேன் பிரச்சனை வந்தப்போ போச்சு, 2017ல நெடுவாசல், கதிராமங்கலம் போராட்டம்னு போச்சு, 2018 நவம்பர் 16 விடியக்காலையில கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்து தென்னந்தோப்பையெல்லாம் சாய்ச்சுப் போட்டப்போ வேன் வேனா வந்தாங்க. மேட்டூர் திறந்தா கல்லணையில ட்ரோனோட ஒரு கூட்டம் நிக்குது. இதுல உழைச்சு எடுத்த நல்ல ஆவணப்படம் இருக்கு, யூடியூப் சேனல்காரங்க எடுத்தது இருக்கு, விஷ்காம் (விஷுவல் கம்யூனிகேஷன்) படிக்கிற பசங்க புராஜெக்டுக்காக எடுத்தது இருக்கு. ஐம்பது நூறு வருஷம் கழிச்சு இந்த மண்ணோட வரலாறை எழுத உக்கார்ற ஒரு ஆளுக்கு இதுல எது உதவும்ங்கிறதைத் தான் இங்க பேசப்போறேன். என் பதிலை முதல்லயே சொல்லிடுறேன். நீங்க எடிட் பண்ணி, மியூசிக் போட்டு, விழாவுக்கு அனுப்புன அந்த நாப்பது நிமிஷ படத்தை விட, எடிட்ல வெட்டித் தள்ளுன மிச்ச முப்பது மணி நேர ரா ஃபுட்டேஜ் தான் அவருக்கு ரொம்பத் தேவைப்படும். அதைத் தான் நாம இன்னைக்கு அழிச்சிட்டு இருக்கோம்.

படம்ங்கிறது வரலாறுக்கு ஒரு ஆதாரம்ங்கிற யோசனை சினிமா பிறந்த உடனேயே வந்துடுச்சு. 1898லயே பாரிஸ்ல இருந்த போலெஸ்வாஃப் மட்டுஷெவ்ஸ்கிங்கிற போலந்துக்கார கேமராமேன், ஓடுற படம் வரலாறுக்குப் புது ஆதாரம், இதையெல்லாம் சேர்த்து வைக்க ஒரு காப்பகம் வேணும்னு எழுதி அச்சு போட்டுட்டார். சினிமாவை காசு குடுத்துப் பார்க்க ஆரம்பிச்சு அப்போ மூணு வருஷம் கூட ஆகல. நம்ம பக்கம் ஏ.கே. செட்டியார் இருக்கார். காந்தியைப் பத்தி உலகம் பூரா யார் யாரோ எடுத்து வச்சிருந்த துண்டு ஃபிலிமையெல்லாம் நாடு நாடா அலைஞ்சு தேடி, 1940ல தமிழ் விளக்கவுரையோட படமா வெளியிட்டார். ஒரு கோட்டையூர்க்காரர் அந்தக் காலத்துல இதைச் செஞ்சிருக்கார்னு நினைச்சாலே எனக்குப் பெருமையா இருக்கும். ஆனா அப்படிப்பட்ட படமே பல வருஷம் எங்க இருக்குன்னு தெரியாமப் போயி, பின்னாடி வந்த இங்கிலீஷ் வடிவம் தான் ரொம்ப நாள் கழிச்சு அமெரிக்காவுல ஒரு யுனிவர்சிட்டியில இருந்து கிடைச்சது, தேடிக் கண்டுபிடிச்சவர் வரலாற்று ஆய்வாளர் ஆ. இரா. வேங்கடாசலபதி. எடுத்தா மட்டும் போதாது, வச்சுக் காப்பாத்தவும் ஆள் வேணும்.

சரி, எடிட் பண்ண படத்துக்கு என்ன குறை? குறை ஒண்ணும் இல்ல, அது ஒரு வாதம், அவ்வளவு தான். டைரக்டருக்கு ஒரு விஷயம் சொல்லணும், அதுக்குத் தோதா இருக்குறதை எடுத்துக்கிறார், மிச்சத்தை விட்டுடுறார். சில சமயம் காட்சியையே உண்டாக்குறதும் உண்டு. ஆவணப்படத்துக்கே முன்னோடின்னு சொல்ற ஃபிளாஹர்ட்டியோட 1922 எஸ்கிமோ படத்துல, துப்பாக்கி வச்சு வேட்டையாடிட்டு இருந்த மக்களை பழைய மாதிரி ஈட்டியோட வேட்டையாடச் சொல்லி எடுத்தாங்க, உள்ள வெளிச்சம் வேணும்னு பனிக்குடிலை பாதி திறந்து வச்சாங்க. அந்தப் படத்தை மட்டும் பார்த்து 1920கள்ல அவங்க எப்படி வாழ்ந்தாங்கன்னு எழுதினா தப்பாயிடும். இதுக்கு நேர் எதிரா கிளாட் லான்ஸ்மன் செஞ்சதைச் சொல்லணும். நாஜி இனப்படுகொலை பத்தி அவர் 1985ல வெளியிட்ட ஷோவா படம் ஒன்பது மணி நேரத்துக்கு மேல ஓடும், ஆனா அதுக்காக எடுத்தது 200 மணி நேரத்துக்கு மேல. படத்துல வராத அந்த மிச்சத்தை வாஷிங்டன்ல இருக்குற ஹாலோகாஸ்ட் மியூசியம் வாங்கிப் பாதுகாத்து வச்சிருக்கு, இன்னைக்கும் ஆராய்ச்சிக்காரங்க அதைப் போட்டுப் பார்த்து எழுதிட்டு இருக்காங்க. டைரக்டருக்கு அன்னைக்கு வேண்டாம்னு பட்ட ஒரு பதில் இன்னொருத்தருக்கு இருபது வருஷம் கழிச்சு முக்கியமா ஆயிடுது. அவர் என்ன கேள்வியோட வருவார்னு படம் எடுக்குற நமக்குத் தெரிய வாய்ப்பே இல்லையே.

டெல்டாவுல இதுக்குப் பெரிய உதாரணம் வெண்மணி தான். 1968 டிசம்பர் 25, கீழ்வெண்மணியில ஒரு குடிசைக்குள்ள 44 பேரை வச்சு எரிச்சாங்க, பொம்பளைங்களும் குழந்தைங்களும் தான் அதுல நிறைய. கூலி நெல் கொஞ்சம் கூடக் கேட்டதும், சங்கத்துல சேர்ந்து நின்னதும் தான் அவங்க செஞ்சது. கீழ் கோர்ட்டு தண்டனை குடுத்துச்சு, ஹைகோர்ட்டு விடுதலை பண்ணிடுச்சு, இவ்வளவு நிலம் வச்சிருக்குற மிராசுதாருங்க தாங்களே நடந்து வந்து தீ வச்சிருப்பாங்கன்னு நம்ப முடியலைங்கிற மாதிரி தீர்ப்புல எழுதியிருக்கு. ஒரு வரலாற்றாசிரியர் காகிதத்தை மட்டும் நம்புனா அவர் கையில இருக்குறது போலீஸ் ரெக்கார்டு, கோர்ட்டு தீர்ப்பு, அன்னைக்கு வந்த பேப்பர் செய்தி, இவ்வளவு தான். உயிர் பிழைச்சவங்க குரல் எங்க? சம்பவம் நடந்து முப்பத்தஞ்சு வருஷத்துக்கு மேல கழிச்சு பாரதி கிருஷ்ணகுமார் போயி அந்த ஊர்க்காரங்களை உக்கார வச்சுப் பேச வச்சு எடுத்த ராமய்யாவின் குடிசை படம் இல்லாமப் போயிருந்தா, அவங்க பேசுன பேச்சு, இடையில நிறுத்திக்கிட்டது, எந்த இடத்துல முகம் திரும்புச்சுங்கிறதெல்லாம் அவங்களோடவே போயிருக்கும். முப்பத்தஞ்சு வருஷம் கழிச்சு சொல்ற ஞாபகத்துல தவறு இருக்கலாம், தேதி மாறலாம், அதெல்லாம் ஆய்வாளர் ஒப்பிட்டுப் பார்த்துக்குவார், அது அவர் வேலை. ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு பக்கம்னு ஒண்ணு இருக்கணும், அதைத் தான் கேமரா குடுத்துச்சு.

இப்போ சாதாரண விஷயத்துக்கு வர்றேன், ஏன்னா கொடுமை நடந்த இடத்துக்கு எப்படியும் யாராவது போயிடுவாங்க, நாத்து நடுறதை யாரும் முழுசா எடுக்குறதில்ல. மன்னார்குடி பக்கம் ஒரு நடவு வயல்ல வெட்டாம ஓடுற பத்து நிமிஷ க்ளிப் ஒண்ணு சமீபத்துல பார்த்தேன், ஒரு நண்பர் எடுத்தது. அவர் வெளியிட்ட படத்துல அது நாலே செகண்ட் தான், குனிஞ்சு நடுற பொம்பளைங்க, ஸ்லோ மோஷன், வயலின் சோகமா ஓடுது. ஆனா முழு க்ளிப்புல என்னெல்லாம் இருக்கு தெரியுமா, நாத்து முடியை தூக்கிப் போடுற ஆளு யாரு, வரப்புல குடையோட நிக்கிறவர் யாரு, அவர் நடுறவங்களை பேரு சொல்லிக் கூப்பிடுறாரா வாம்மா போம்மான்னு சொல்றாரா, ஒரு அக்கா நிமிர்ந்து "நேத்து பாக்கி இன்னும் வரலைங்க"ன்னு சொல்றது, அதுக்கு அவர் பதில் சொல்லாம போன் எடுத்துப் பேசுறது, பின்னாடி தூரத்துல மிஷின் நடவு நடக்குற சத்தம், அந்த மிஷின் சத்தத்தைக் கேட்டுட்டு ரெண்டு பேரு தங்களுக்குள்ள அடுத்த வருஷம் நமக்கு வேலை இருக்குமான்னு பேசிக்கிறது. டைரக்டருக்கு அதெல்லாம் இடைஞ்சல், ஆடியோ கிளீனா இல்ல. அம்பது வருஷம் கழிச்சு 2020கள்ல டெல்டாவுல கூலி உறவு எப்படி இருந்துச்சுன்னு எழுதுறவருக்கு அந்த பத்து நிமிஷம் ஒரு அத்தியாயத்துக்கே சமம்.

அதுவும் இப்போ வேகமா மாறிட்டு இருக்குற நேரம். கைநடவு ஒரு பக்கம், மிஷின் நடவு ஒரு பக்கம், நேரடி விதைப்பு ஒரு பக்கம், இதுக்கு நடுவுல வெஸ்ட் பெங்கால்லேர்ந்து ஆளுங்க வந்து காண்ட்ராக்டுக்கு நட்டுக் குடுத்துட்டுப் போறாங்க. இதெல்லாம் ஒரே தாலுக்காவுல ஒரே சம்பா பட்டத்துல பக்கத்துப் பக்கத்து வயல்ல நடக்குது. இன்னும் பத்து வருஷத்துல இதுல எது மிஞ்சும்னு தெரியாது.

அடுத்து பேரு. எனக்கு ரொம்ப ஆதங்கமான விஷயம் இது. தஞ்சாவூர் பெரிய கோயில் கல்வெட்டுல ராஜராஜன் தளிச்சேரிப் பெண்டுகள், அதாவது கோயில்ல ஆடுன பெண்கள், 400 பேரைப் பத்தி பொறிச்சு வச்சிருக்கான், ஆயிரம் வருஷம் ஆச்சு. ஒவ்வொருத்தர் பேரும் இருக்கு, எந்த ஊரு எந்தக் கோயில்ல இருந்து வந்தாங்கன்னு இருக்கு, தளிச்சேரியில எந்த சிறகுல (வீட்டு வரிசையில) எத்தனாவது வீடுன்னு இருக்கு, ஒரு பங்குக்கு வருஷத்துக்கு 100 கலம் நெல்லுன்னு சம்பளமும் இருக்கு. அது ராஜா தன் பெருமைக்காக வெட்டுனது தான், ஆனா இன்னைக்கு வரைக்கும் ஆராய்ச்சி பண்றவங்களுக்கு அந்த விவரம் சோறு போடுது. நாம கையில 4கே கேமரா வச்சுக்கிட்டு, படத்துல பேசுற பாட்டிக்கு கீழ "விவசாயக் கூலி"ன்னு மட்டும் போட்டுட்டுப் போறோம். அதே படத்துல பேசுற பேராசிரியருக்கு மட்டும் முழுப் பேரு, டிகிரி, டிபார்ட்மென்ட் எல்லாம் வருது. இது மரியாதை சம்பந்தப்பட்டது மட்டும் இல்ல, ஆதாரம் சம்பந்தப்பட்டது. பேரு, வயசு, ஊரு, எந்தத் தெரு, எந்தத் தேதியில பேசுனாங்க, கூட யாரு இருந்தாங்க, இதெல்லாம் இல்லாத சாட்சியை பின்னாடி எதோடயும் பொருத்திப் பார்க்க முடியாது. பேரு போட்டா அவங்களுக்கு ஆபத்துன்னா படத்துல போட வேண்டாம், முகத்தையும் மறைங்க, ஆனா அவங்க சம்மதத்தோட தனியா எழுதி, எத்தனை வருஷம் கழிச்சு திறக்கலாம்னு குறிச்சுப் பூட்டி வைங்க. காப்பகங்கள்ல இப்படிச் செய்யுறது சகஜம் தான்.

கேமரா எங்க நிக்குதுங்கறதும் இதுல சேர்த்தி. டெல்டாவுல ஒரு ஊருக்கு ஷூட்டிங்னு போனா முதல்ல எங்க கொண்டு போய் விடுவாங்க? பெரிய தெரு, கோயில் வாசல், ஓட்டு வீட்டுத் திண்ணை, அங்க உக்காந்திருக்குற ஒரு பெரியவர், அவர் நல்லாப் பேசுவார், காபி குடுப்பார், ஊரு வரலாறு பூரா அவர் வாயிலேயே வந்துடும். வாய்க்காலைத் தாண்டி இருக்குற தெருவுக்கு கேமரா போகவே போகாது, போனாலும் சாயங்காலம் வெளிச்சம் போற நேரத்துக்கு பத்து நிமிஷம். தேர் வீடியோ எத்தனை இருக்கு பாருங்க, தேர் திரும்பாம போன தெருவை எடுத்த வீடியோ எத்தனை இருக்கு? வர்ற காலத்து வரலாற்றாசிரியர் நம்ம ஃபுட்டேஜைப் பார்த்து, டெல்டாவுல பாதி ஜனங்க அந்தப் படங்கள்ல ஏன் பேசவே இல்லைன்னு கேப்பார். அதனால எடுக்குறவங்க தாங்க யாரு வீட்ல தங்குனாங்க, யாரு அறிமுகப்படுத்தி வச்சாங்கங்கிறதையும் ஒரு நோட்டுல எழுதி வைக்கணும், அது இருந்தா தான் அந்தப் படம் எந்தப் பக்கம் சாய்ஞ்சு நின்னு எடுத்ததுன்னு பின்னாடி வர்றவருக்குப் புரியும்.

நேரத்துல எடுக்காம விட்டதோட கதைக்கும் டெல்டாவுல பஞ்சம் இல்ல. தஞ்சாவூர் அரண்மனை நாட்டிய மரபுல வந்த பாலசரஸ்வதியை சத்யஜித் ரே சின்னப் பையனா கல்கத்தாவுல பார்த்திருக்கார், படம் எடுத்தது 1976ல, அப்போ அவங்களுக்கு 58 வயசு. அந்தப் படம் கிடைச்சதே நம்ம பாக்கியம், ஆனா இருபது முப்பது வயசுல அவங்க ஆடுனது எப்படி இருந்துச்சுங்கிறதுக்கு எழுதி வச்சதையும் பார்த்தவங்க சொன்னதையும் தான் நம்பணும். செங்கோல் விஷயத்தையும் எடுத்துக்கோங்க. 1947 ஆகஸ்ட் 14 அன்னைக்கு திருவாவடுதுறை ஆதீனத்துல இருந்து போனவங்க டெல்லியில நேருகிட்ட செங்கோல் குடுத்தாங்க, ராஜரத்தினம் பிள்ளை நாகஸ்வரம் வாசிச்சார். 2023ல அந்தச் செங்கோலை புது பார்லிமென்ட்ல வச்சப்போ, முதல்ல மவுன்ட்பேட்டன் கையில குடுத்து வாங்கினாங்களா, அது ஆட்சி மாற்றத்தோட அடையாளமா, இல்ல ஒரு மடம் குடுத்த மரியாதைப் பரிசாங்கிறதுல நாடு பூரா சண்டை. ரெண்டு பக்கமும் அன்னைக்கு வந்த பத்திரிகைச் செய்தியையும் போட்டோவையும் பின்னாடி எழுதுன புத்தகங்களையும் வச்சுத் தான் வாதாடுனாங்க. அந்தச் சாயங்காலத்தை வெட்டாம எடுத்த ரெண்டு நிமிஷ ரீல் ஒண்ணு இருந்திருந்தா பாதி வாதம் அன்னைக்கே முடிஞ்சிருக்கும்.

2004 டிசம்பர் 26 சுனாமிக்கு அப்புறம் நாகப்பட்டினம் பக்கம் அக்கரைப்பேட்டை, கீச்சாங்குப்பம் எல்லாம் எப்படிக் கிடந்துச்சுன்னு காட்ட உலகம் பூரா ஃபுட்டேஜ் இருக்கு. டிசம்பர் 25 வரைக்கும் அந்தக் குப்பங்கள் எப்படி இருந்துச்சு, வீடு எப்படி, கரையில வலை எங்க காஞ்சுது, ஏலம் எங்க நடந்துச்சுங்கிறதுக்கு ரொம்பக் கம்மி. அதை எடுத்து வச்சிருந்தவங்க ஆவணப்படக்காரங்க கிடையாது, ஊர்ல கல்யாணம் காதுகுத்து எடுத்த வீடியோக்காரங்க. மாப்பிள்ளை அழைப்பு போற தெரு, பின்னாடி நிக்கிற படகு, சீர் தட்டுல என்ன இருக்கு, யாரு யாரு பந்தியில முதல்ல உக்கார்றாங்க, எல்லாம் அதுல தன்னால பதிவாயிருக்கு. வீட்ல இருந்த காப்பியெல்லாம் கடலோட போச்சு, ஸ்டுடியோவுல மிஞ்சுனது எங்கெங்கயோ கிடக்கு. 

அப்படி ஒரு ஸ்டுடியோ பீரோவைத் திறந்து பார்த்திருக்கேன். விஎச்எஸ் கேசட்டை வெளிச்சத்துல திருப்பிப் பிடிச்சா உள்ள சுத்துன டேப்போட ஓரத்துல வெள்ளையா பூஞ்சை, அதை அப்படியே பிளேயர்ல போட்டா ஹெட்டும் கெடும், அடுத்து போடுற கேசட்டும் கெடும். நம்ம ஊரு ஐப்பசி கார்த்திகை ஈரத்துக்கு டேப்பு தாங்காது. பிளேயரும் கிடைக்காது, கடைசியா விசிஆர் தயாரிச்சுட்டு இருந்த ஜப்பான் கம்பெனி 2016லேயே நிறுத்திடுச்சு. மினிடிவி கேசட்டை கம்ப்யூட்டர்ல ஏத்தணும்னா அந்த கேமராவும் வேணும் ஃபயர்வயர் கேபிளும் வேணும், ரெண்டும் ஒருசேர வச்சிருக்குறவங்களை தேடித் தான் பிடிக்கணும்.

டிஜிட்டல்னா பத்திரம்னு நினைக்கிறவங்க தான் ஜாஸ்தி. உண்மை வேற. இந்தியாவோட முதல் பேசும்படம் ஆலம் ஆரா, 1931, ஒரு பிரிண்ட் கூட இன்னைக்கு இல்ல. அதே வருஷம் வந்த நம்ம முதல் தமிழ்ப் பேசும்படம் காளிதாஸும் இல்ல. 2003 ஜனவரியில புனேயில தீப்பிடிச்சு பழைய நைட்ரேட் ஃபிலிம் எரிஞ்சு போச்சு. ஆனா ஃபிலிம் சுருளை குளிர்ச்சியா ஈரமில்லாம வச்சா நூறு வருஷம் கூட இருக்கும், கண்ணால பார்த்தாலே உள்ள என்ன இருக்குன்னு தெரியும். ஹார்ட் டிஸ்க் அப்படி இல்ல, அஞ்சாறு வருஷம் பீரோவுல சும்மா கிடந்தா சுத்துமான்னே சொல்ல முடியாது. அதுக்கு முன்னாடியே, அடுத்த நாள் ரிசப்ஷன் ஷூட்டுக்கு கார்டு வேணும்னு ஃபார்மேட் பண்ணிடுறாங்க. யூடியூப்ல இருக்கேன்னு சொல்வாங்க, அங்க இருக்குறது சுருக்குன காப்பி, சேனல் போச்சுன்னா அதுவும் போச்சு. வாட்ஸ்அப்ல அனுப்புனா தேதி, இடம் பத்தின விவரமெல்லாம் உதிர்ந்துடுது. போராட்ட வீடியோ பாதிக்கு மேல அப்படித் தான் சுத்துது, நெடுவாசல்னு ஒரு க்ளிப் வருது, அது நெடுவாசலா கதிராமங்கலமா, எந்த நாள்னு எடுத்தவரைத் தவிர யாருக்கும் தெரியாது. 

செய்ய வேண்டியது பெரிய விஷயம் இல்ல. கேமராவுல தேதி நேரம் சரியா வைங்க, ரொம்ப பேரு வைக்கிறதில்ல. ஒவ்வொரு க்ளிப்பும் ஆரம்பிக்கும்போது ஊரு, தேதி, யாரு எடுக்குறதுன்னு வாயாலேயே ஒரு தடவை சொல்லிடுங்க, அந்தக் குரல் ஃபைலை விட்டுப் பிரியவே பிரியாது. ஒரிஜினல் ஃபைலை ரெண்டு டிஸ்க்ல, ரெண்டு வேற வேற ஊர்ல வைங்க, மூணாவதா ஒரு காப்பி ஆன்லைன்ல. நாலஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை புது டிஸ்க்குக்கு மாத்துங்க. படம் முடிஞ்சதும் முழு ரா ஃபுட்டேஜையும் நோட்டோட சேர்த்து ஒரு பொது நூலகத்துக்கோ யுனிவர்சிட்டிக்கோ குடுக்க முடியுமான்னு கேளுங்க. சென்னையில ரோஜா முத்தையா நூலகம் பழைய அச்சுப் பொருளுக்கு செஞ்சிருக்குற வேலையைப் பாருங்க, புதுச்சேரியில பிரெஞ்சு இன்ஸ்டிட்யூட் கோயில் போட்டோக்களை பல வருஷமா சேர்த்து வச்சிருக்கு. ஓடுற படத்துக்கு, அதுவும் டெல்டாவுக்குன்னு, அந்த மாதிரி ஒரு இடம் தஞ்சாவூர்லயே வரணும்னு எனக்கு ஆசை. சரஸ்வதி மகால்ல ஓலைச்சுவடியைக் காப்பாத்துன ஊரு அது.

இன்னொரு யோசனை. நாகப்பட்டினம் பக்கம் பாலக்குறிச்சின்னு ஒரு ஊரு, 1910கள்ல கில்பர்ட் ஸ்லேட்டர்ங்கிற பேராசிரியர் தன் மாணவர்களை வச்சு அந்த ஊரோட நிலம், கூலி, சாப்பாடு எல்லாம் கணக்கெடுத்தார். அப்புறம் 1930கள்ல ஒரு தடவை, பின்னாடியும் மறுபடி மறுபடி ஆய்வாளர்கள் அதே ஊருக்குப் போயிருக்காங்க, அதனால நூறு வருஷத்துல அங்க என்ன மாறுச்சுன்னு எழுத முடியுது. வீடியோவுல அந்த மாதிரி ஒரே இடத்துக்குத் திரும்பப் போற பழக்கம் நம்மகிட்ட இல்ல. மேட்டூர் அணை 1934ல இருந்து ஓடுது, ஜூன் 12 திறக்குறது தான் வழக்கம், 2020ல பல வருஷம் கழிச்சு அந்தத் தேதியில திறந்தாங்க, 2022ல மே 24லயே திறந்தாங்க. திறந்த தண்ணி தலைஞாயிறு மாதிரி கடைமடைக்கு எந்தத் தேதியில வந்து சேர்ந்துச்சு, எவ்வளவு ஆழத்துல வந்துச்சு, வராமலே போச்சாங்கிறதை அதே மதகுல அதே இடத்துல நின்னு வருஷா வருஷம் ஒரு ஆளு அஞ்சு நிமிஷம் எடுத்தா போதும், முப்பது வருஷத்துல அது எந்த அரசாங்கப் புள்ளிவிவரத்தோடயும் வச்சுப் பார்க்கக்கூடிய சாட்சியாயிடும். அதே மாதிரி ரெகுலேட்டர்ல ஷட்டர் ஏத்தி இறக்குற லஸ்கர் ஒரு நாள் பூரா என்ன செய்றார்னு எடுக்கணும். முக்கொம்பு மேலணை 1836ல கட்டினது, கொள்ளிடம் பக்கத்து ஷட்டருங்க 2018 ஆகஸ்ட்ல உடைஞ்சு போச்சு, உடைஞ்சதை எல்லா சேனலும் காட்டுனாங்க. அதுக்கு முந்தின நாள் வரைக்கும் அந்த ஷட்டரை ஆளுங்க எப்படி இயக்குனாங்க, எந்த சத்தத்தை வச்சு கோளாறுன்னு கண்டுபிடிச்சாங்கங்கிறதை உக்காந்து எடுத்தவங்க யாராவது இருந்தா தயவுசெஞ்சு அந்த டிஸ்க்கை இந்த வாரமே இன்னொரு காப்பி போட்டுடுங்க. ஊர்ல சித்தப்பாவோ மாமாவோ ஸ்டுடியோ வச்சிருந்தா அந்த பீரோவுல இருக்குற கேசட்டை வர்ற ஐப்பசி மழைக்குள்ள டிஜிட்டல்ல மாத்திடுங்க, மாத்தும்போது அது யாரு கல்யாணம், எந்தத் தெருன்னு அவரைப் பக்கத்துல உக்கார வச்சுக் கேட்டு எழுதிக்கோங்க.